சும்மா கிடந்த நிலம்

"மொழிபெயர்க்க ஆள் வேணும், வர்றீங்களா பாய்?" என்று இனிமேல் யாராவது என் ஜீப் பக்கம் வந்தால் அடித்தாலும் அடித்துவிடுவேன். சும்மா சொல்லவில்லை. போன மாதம் திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டில் ஒருத்தர் வெளியூர் ஆட்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து கேட்டார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. நான் கத்திய கத்தலில் டீக்கடைக்காரர் பாய்லரை விட்டுவிட்டு வெளியே வந்து பார்த்தார்.

இந்தக் கோபம் ஒரே ஒரு வார்த்தையிலிருந்து வந்தது. அந்த வார்த்தையைச் சொன்ன வாயும் என்னுடையதுதான்.

நான் வாணியம்பாடிக்காரன். வீட்டில் உருது, தெருவில் தமிழ். எங்கள் ஊரில் தோல் பதனிடக் கடுக்காய் வேண்டும், கடுக்காய் ஜவ்வாது மலையில் கிடைக்கும். அதனால் மீசை முளைத்த நாளிலிருந்து புதூர்நாட்டுப் பக்கம் ஜீப் ஓட்டுகிறேன். ஏறும்போது மளிகைச் சாமான், இறங்கும்போது கடுக்காயோ புளியோ பலாவோ, அந்தந்த சீசனுக்கு எதுவோ அது. நிறைய ஊர்களில் என் ஹாரன் சத்தத்தை வைத்தே வந்திருப்பது நான்தான் என்று சொல்லிவிடுவார்கள். மலை எனக்கு அத்துப்படி என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தத் திமிருக்குக் கிடைத்த செருப்படியைத்தான் எழுதப் போகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கம்பெனி ஆட்கள் வந்தார்கள். பட்டாளத்துக்காக ஒரு ரோபோ செய்துகொண்டிருந்தார்கள். முழுசாக முடிந்ததுகூட இல்லை, முதல் மாதிரி. அதை ஹெலிகாப்டரில் ஏற்றிக்கொண்டு போய் மேலே இருந்து பாராசூட் கட்டித் தள்ளிவிடுவார்கள். தரையில் விழுந்ததும் அது தானாகப் பெட்டியைப் பிளந்துகொண்டு எழுந்து நிற்கும். பிறகு அந்த இடத்தை இண்டு இடுக்கு விடாமல் நடந்து பார்க்கும். எது கல், எது புதர், எது மனுஷன், மனுஷன் என்றால் கையில் ஆயுதம் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துப் படம் அனுப்பும். மனுஷன் போக முடியாத இடத்துக்கெல்லாம் இது போகும் என்றார்கள். அப்படியானால் மனுஷன் போக முடியாத இடத்திலேயே இறக்கிப் பார்க்க வேண்டியதுதானே என்று கேட்க அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. இப்போது தினமும் தோன்றுகிறது.

அடிவாரத்தில் மூடிக் கிடந்த ஒரு ரைஸ் மில்லை வாடகைக்கு எடுத்து அதை வைத்திருந்தார்கள். நான் முதலில் பார்த்தபோது ஆறு கால்களையும் மடக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எங்கள் வீட்டு பிரிட்ஜைப் படுக்கப்போட்ட அளவு இருக்கும். "நண்டு மாதிரி கீதே" என்று தமிழில் என்னையறியாமல் சொன்னேன். இங்கிலீஷில் அவர்கள் வைத்த பேர் ரொம்ப நீளம். எனக்கும் மலைக்கும் அது நண்டுதான்.

அவர்களுக்கு அதிகாரியாக இருந்தவர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். வடக்கே எங்கேயோ ஊர், இந்திதான் பேசுவார். கெட்டவர் என்று என்னால் சொல்ல முடியாது. அவர் சாப்பிடுவதற்கு முன்னால் நான் சாப்பிட்டேனா என்று கேட்பார். கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், திட்டிவிட்டுப் போயிருப்பேன். மலைக்காரர்களுக்கு இந்தி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. உருது பேசுகிறவனுக்கு இந்தி தண்ணீர் பட்ட பாடு என்று என்னைப் பிடித்தார்கள். ஜீப்பும் ஓட்ட வேண்டும், பேச்சையும் ஓட்ட வேண்டும்.

அவரும் என்னைப் பாய் என்றுதான் கூப்பிட்டார். மலையிலும் எனக்குப் பாய் என்றுதான் பேர். அவர் சொன்னது அண்ணன், தம்பி என்கிற பாய். இவர்கள் சொல்வது தொப்பி போட்ட பாய். ஒரே வார்த்தை இரண்டு வாயில் இரண்டு அர்த்தம் ஆகும் என்பது என்னைக் கூப்பிடுகிற பேரிலேயே இருந்தது. எனக்குத்தான் உறைக்கவில்லை.

ஆனி மாதம், முதல் மழை பெய்து முடிந்திருந்தது. நண்டை இறக்க இடம் பார்த்துக்கொண்டு சுற்றினோம். மலையில் சரிவுக்கா பஞ்சம், தட்டையான இடம்தான் கிடைக்காது. ஒரு சின்ன ஊரைத் தாண்டியதும் அப்படி ஒரு நிலம் வந்தது. உழுது கிடந்தது. ஓரத்தில் ஒரு பலா மரம், அதற்கு மேல் தடை ஒன்றும் இல்லை. அதிகாரி ஜீப்பை நிறுத்தச் சொல்லி, முக்காலியில் கேமரா மாதிரி ஒன்றை நிறுத்திக் கண்ணை வைத்துப் பார்த்தார்.

நிலத்துக்குச் சொந்தக்கார அக்கா வரப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவரை எனக்கு ரொம்ப வருடமாகத் தெரியும். அவர் வீட்டுப் புளி என் ஜீப்பில்தான் இறங்கும். வீட்டுக்காரர் கேரளாவில் மிளகுத் தோட்ட வேலைக்குப் போய்விட்டார், பொங்கலுக்குத்தான் வருவார். அந்த ஒரு துண்டு நிலத்தில் விளைகிற சாமைதான் அந்த வீட்டுக்கு வருஷம் முழுக்கச் சோறு. இதெல்லாம் தெரிந்தவன்தான் நான்.

"இதில் என்ன இருக்கிறது என்று கேள். எதற்கு என்று மட்டும் சொல்லாதே, ரகசியம்" என்றார் அதிகாரி.

நான் கேட்டேன். "இன்னாக்கா, இதுல ஏதாச்சும் போட்டுக்கீறீங்களா?"

அக்கா அதிகாரியைப் பார்த்தார். முக்காலியைப் பார்த்தார். அதன் மேல் இருந்த கண்ணாடிக் கண்ணைப் பார்த்தார். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். "ஒண்ணுமில்ல பாய். சும்மா கெடக்குது" என்றார்.

நான் அதிகாரி பக்கம் திரும்பி, "குச் நஹீ சாப். காலி படா ஹை" என்றேன். ஒன்றுமில்லை சார், காலியாகக் கிடக்கிறது.

காலி. எங்கள் உருதுவிலிருந்து தமிழுக்குப் போன வார்த்தை. வீடு காலி, டப்பா காலி, பஸ்ஸில் சீட் காலி. ஆள் போய்விட்டாலும் காலி. ஆனால் சும்மா அப்படியா? சும்மா வந்தேன், சும்மா கொடுத்தேன், சும்மா இருடா, அவள் சும்மா அழுகிறாள். சும்மா என்று ஒருத்தர் சொன்னால் பாதி நேரம் உள்ளே ஏதோ இருக்கிறது, உனக்குச் சொல்ல மாட்டேன் என்று அர்த்தம். இது எந்தத் தமிழ்க் குழந்தைக்கும் தெரியும். அத்தனையையும் வழித்துப் போட்டுவிட்டு நான் காலி என்றேன்.

அதிகாரி முட்டாள் இல்லை. "உழுதிருக்கிறதே?" என்று கேட்டார். அப்போதாவது அக்காவிடம் திரும்பி இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். நான்தான் மலையைக் கரைத்துக் குடித்தவன் ஆயிற்றே! "ஈரம் நிற்கட்டும் என்று முதல் மழைக்கு உழுது போட்டு வைப்பார்கள் சாப்" என்று நானே பதில் சொன்னேன். அவர் படிவத்தில் எழுதிக்கொண்டார். மொழிபெயர்த்தவர் என்கிற இடத்தில் ஜீப்பின் பானெட் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். அழகாகத்தான் போட்டேன்.

நான்கு நாள் கழித்து நண்டை இறக்கினார்கள். முந்தின நாள் ஊருக்குள் போய், "காலையில பட்டாளத்து சோதனை, யாரும் வெளிய வராதீங்க" என்று சொல்லச் சொன்னார்கள், சொன்னேன். எங்கே என்று சொல்லவில்லை, ரகசியம். நாங்கள் பலா மரத்தடியில் கூடாரம் போட்டு ஒரு டிவியைச் சுற்றி நின்றுகொண்டோம். ஹெலிகாப்டர் வந்தது, பெட்டி விழுந்தது, பாராசூட் விரிந்தது, அத்தனையும் சரியாக நடந்தது. எங்கள் பக்கம் ஒருத்தன் அலட்டிக்கொண்டால், "நீ இன்னா வானத்துலேர்ந்து குதிச்சவனா?" என்று கேட்போம். அன்றைக்கு நிஜமாகவே ஒன்று வானத்திலிருந்து குதித்து, கால்களை ஒவ்வொன்றாக விரித்து, யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் நிலத்தில் நடக்க ஆரம்பித்தது.

மேலும் கீழுமாகக் கோடு போட்ட மாதிரி நடந்தது. காலை ஊன்றுகிற இடத்திலெல்லாம் ஈர மண் சாண் ஆழத்துக்குக் குழி விழுந்தது. ஆறு கால், ஒவ்வொரு அடிக்கும் ஆறு குழி. பாதி நிலம் முடிந்திருக்கும், அக்கா ஓடி வந்தார். கையில் களைக்கொட்டு. நண்டுக்கு முன்னால் வந்து நின்று கத்தினார். நண்டு நின்றது. அதன் தலை, அதைத் தலை என்று சொல்லலாம் என்றால், மெதுவாக அவர் பக்கம் திரும்பியது. டிவியில் அக்காவைச் சுற்றி ஒரு சிவப்புக் கட்டம் விழுந்தது. பக்கத்தில் இங்கிலீஷில் எழுத்து வந்தது. மனுஷன், கையில் ஆயுதம்.

கூடாரத்தில் இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

ஒரு பொம்பளை வயிறு எரிந்து கத்துகிறாள், இவர்கள் பிறந்த நாள் கேக் வெட்டின மாதிரி தட்டுகிறார்கள். அவர்களுக்கு அக்கா கண்ணில் படவே இல்லை, அந்தக் கட்டம் சரியாக விழுந்ததுதான் பட்டது. களைக்கொட்டை ஆயுதம் என்று சொல்கிற அந்தச் சனியனுக்கு, அது எதற்காகச் செய்த கருவி என்று சொல்லிக்கொடுக்க அத்தனை படித்தவர்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

"என்ன சொல்கிறாள்?" என்று அதிகாரி என்னைக் கேட்டார்.

அக்கா கத்தியது எனக்குத் தெளிவாகக் கேட்டது. "வெத போட்டுக்கீதுடா! வெத போட்டுக்கீது!" சாமையை வீசி, மேலோட்டமாக உழுது மூடி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. மேலே ஒரு பச்சைகூடத் தெரியாது. நான் இந்தியில் சொன்னேன். அதிகாரி படிவத்தை எடுத்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீதானே காலி என்றாய்?" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

பிறகு நண்டைத் தூக்க லாரி வந்தது. நண்டு விட்டுவைத்ததை லாரிச் சக்கரம் உழுது தள்ளியது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி என்பார்கள். ஊதியவன் யார் என்று யோசித்தேன், என் முகம்தான் வந்தது.

எல்லோரும் போன பிறகு அக்கா என்னிடம் வந்தார். அத்தனை வருடமாக என்னை "வாங்க பாய், போங்க பாய்" என்றுதான் சொல்வார். அன்றைக்கு, "நீ இன்னா சொன்ன அவங்ககிட்ட?" என்றார்.

சொன்னேன்.

"காலின்னா சொன்ன? வெத மண்ணுக்குள்ள கெடக்கறப்ப அசலாருகிட்ட யாராச்சும் வாயத் தொறந்து சொல்லுவாங்களா? மொள விட்டு வெளிய வர்றவரைக்கும் எங்க வூட்ல சொல்லவே மாட்டோம். அவன் வேற ஒரு கண்ண முக்காலில வெச்சிகினு பாக்கறான். எத்தினி வருசமா மலைக்கு வர்ற நீ? இது தெரியாதா உனக்கு?"

அவர் குனிந்து ஒரு குழியில் கைவிட்டு மண்ணை அள்ளிப் பார்த்தார். உடைந்த முளை இரண்டு மூன்று வெள்ளையாக இருந்தது. அதை என்னிடம் காட்டக்கூட இல்லை, அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்.

இது அதோடு முடியவில்லை. அந்த இடம் ரொம்பப் பிடித்துப்போய் ஆடி முழுக்க அங்கேயே இன்னும் நான்கு தடவை நண்டை இறக்குவதாக முடிவு செய்தார்கள். ஆடி போனால் சாமை விதைக்க முடியாது. உடனே மறுபடி விதைத்தால்தான் உண்டு, இல்லாவிட்டால் அந்த வீட்டுக்கு அடுத்த வருஷம் சோறு இல்லை. நான் அதிகாரியிடம் போய்ச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "ரெக்கார்டில் காலி என்று இருக்கிறது. மாற்ற வேண்டும் என்றால், தப்பாக மொழிபெயர்த்தேன் என்று நீ எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு உனக்கு இங்கே வேலை இருக்காது. உன் மேல் கம்பெனி என்ன நடவடிக்கை எடுக்கும் என்றும் எனக்குத் தெரியாது" என்றார்.

அடுத்த நிமிஷமே பேனாவை எடுத்தேன் என்று எழுத ஆசைதான். ஜீப்பை எடுத்துக்கொண்டு வாணியம்பாடிக்கு இறங்கி வந்தேன் என்பதுதான் உண்மை. இரண்டு நாள் வீட்டில் படுத்துக் கிடந்தேன். நிலம் போனால் நான் என்ன செய்வது, அந்தம்மா உள்ளதைச் சொல்லியிருக்க வேண்டியதுதானே என்று அவர் மேலேயே கோபத்தைத் திருப்பிப் பார்த்தேன். அந்த இரண்டு நாளை நினைத்தால் என்னையே நாலு அறை விட வேண்டும்போல் இருக்கிறது.

மூன்றாம் நாள் காலையில் என் அம்மா, எங்கள் வீட்டில் அம்மி, சாப்பாட்டுத் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, என்ன ஆயிற்று என்று கேட்டாள். சொன்னேன். அம்மாவுக்கு என்னைவிடக் கோபம் அதிகம், எனக்கு வந்ததே அவளிடமிருந்துதான்.

"உன் தங்கச்சிக்கு நாள் தள்ளிப்போனப்போ எதிர் வூட்டம்மா வந்து, புள்ள முகம் இன்னா ஒரு மாதிரி இருக்குதுன்னு கேட்டாளே. நான் இன்னா சொன்னேன்?"

எனக்கு ஞாபகம் இருந்தது. எங்கள் வீட்டில் மூன்று மாதம் முடியாமல் வெளியே சொல்ல மாட்டார்கள். எதிர் வீட்டம்மாவுக்கு உருது வராது. அம்மி அவரிடம் தமிழில்தான் சொன்னாள். ஒண்ணுமில்லம்மா, சும்மா.

"அப்போ நீ பக்கத்துலதான் நின்ன," என்றாள் அம்மி. "உன் தங்கச்சி வயித்தையும் காலின்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருப்பியா?"

தட்டில் கை வைக்காமல் எழுந்தேன். தெருமுனை ஜெராக்ஸ் கடையில் இங்கிலீஷில் டைப் செய்யச் சொன்னேன். நிலம் காலி இல்லை, விதைத்த நிலம், தப்பாகச் சொன்னவன் நான். மூன்றே வரி. கையெழுத்துப் போட்டு மலையடிவாரத்துக்குப் போய் அதிகாரியிடம் கொடுத்தேன். அவர் படித்தார். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "நாளைக் காலை இறங்க வேண்டியது இறங்கட்டும். பிறகு பார்க்கலாம்" என்றார். என் தோளில் தட்டிக்கூடக் கொடுத்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கையை முறுக்கியிருப்பேன். முறுக்கவில்லை, ஜீப்பை எடுத்துக்கொண்டு நேராக மலை ஏறினேன்.

அக்கா வீட்டு வாசலில் போய் நின்று ரகசியத்தை உடைத்தேன். "நாளைக்குக் காலைல மறுபடியும் எறக்கப் போறாங்கக்கா. உங்க நெலத்துலதான்."

என்னை உள்ளே கூப்பிடவில்லை. "ஆளுங்க இருந்தா எறக்குவாங்களா?" என்று கேட்டார்.

"எறக்க மாட்டாங்க. இந்தவாட்டி எல்லாரும் மில்லுலயே இருப்பாங்க, காலியா கீதான்னு பாத்துச் சொல்ல ஒரு ஆள மட்டும் அனுப்புவாங்க. அவன் போன்ல காலின்னு சொன்னாத்தான் ஹெலிகாப்டர் கெளம்பும்."

"யாரு அந்த ஆளு?"

"நான்தான்" என்றேன்.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முறத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார். அங்கிருந்து அடுத்த வீடு. வீட்டுக்கு வீடு விதைக்கு வைத்திருந்ததில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாமை அந்த முறத்தில் விழுந்ததைப் பார்த்துவிட்டுத்தான் நான் திரும்பினேன்.

மறுநாள் காலை நிலத்துக்குப் போனபோது வேலை நடந்துகொண்டிருந்தது. நண்டு போட்ட குழிகளை மண்வெட்டியால் இழுத்து மூடியிருந்தார்கள். அக்கா மடியில் விதையைக் கட்டிக்கொண்டு வீசிக்கொண்டே போனார். அவருக்குப் பின்னால் பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு மாட்டைப் பூட்டி உழுது மூடிக்கொண்டு வந்தார். யாரும் என்னிடம் பேசவில்லை. நான் பலா மரத்தடிக்குப் போனேன், அங்கே மட்டும்தான் சிக்னல் கிடைக்கும்.

சொன்ன நேரத்துக்குப் போன் வந்தது.

"காலி ஹை க்யா?" என்றார் அதிகாரி.

"நஹீ சாப்" என்றேன்.

"என்ன இருக்கிறது?"

"ஆள் இருக்கிறது. மாடு இருக்கிறது. விதை இருக்கிறது. நானும் இருக்கிறேன், போக மாட்டேன்." இந்தியில்தான் சொன்னேன். ஒவ்வொன்றையும் நிறுத்தி, அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். வாழ்க்கையில் நான் ஒழுங்காக மொழிபெயர்த்தது அது ஒன்றைத்தான்.

அதிகாரி, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். ரெக்கார்டை மாற்ற என் கடிதத்தைக் கம்பெனிக்கு அனுப்பப் போவதாகவும், அவர்கள் என் மேல் எதைப் போட்டாலும் தன்னிடம் வந்து நிற்கக் கூடாது என்றும் சொன்னார். சாப்பிட்டேனா என்று கேட்கவில்லை. போனை வைத்துவிட்டார்.

பயந்துதான் போனேன், உள்ளதைச் சொல்கிறேன். கம்பெனி என்றால் வக்கீல், கேஸ், கோர்ட். என் ஜீப், அம்மி எல்லாம் ஒன்றாகக் கண் முன்னால் வந்து போனது. மரத்தில் கையை ஊன்றி நின்றேன்.

நிலத்து நடுவிலிருந்து அக்கா குரல் கொடுத்தார். கை விதையை வீசுவதை நிறுத்தவில்லை.

"போன்ல யாருங்க பாய்? இன்னா கேக்கறாங்க?"

"ஒண்ணுமில்லக்கா," என்றேன். "சும்மா."